செத்தவர் கணக்கும் இருப்பவர் கையெழுத்தும்

சென்ற மாதம் குமுளியில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் வண்டியில் திண்டுக்கல் வரை. அங்கிருந்து தேனி, கம்பம் வழியாகப் பஸ். முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தோடு காலம் கழித்தவனுக்கு இடுக்கி ஜில்லாவுக்குள் ரயிலில் போக முடியாதது ஒரு குறைதான். அந்தக் கதை இன்னொரு சமயம்.

அக்காள் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்கூடத்தில் முருகன் படம், அவருடைய தகப்பனார் படம், அதற்கு அடுத்தாற்போல் செல்வி ஜெயலலிதாவின் படம். மூன்றுக்கும் மாலை உண்டு. எல்லைப்புறத் தமிழர் வீடுகளில் இது புதிதல்ல. கேரளத்தில் பிழைத்தாலும் காது மேற்கேயும் கண் கிழக்கேயுமாக வாழ்கிறவர்கள் நாம்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் சொன்னார்: "மாப்ளே, நீ படிச்சவன். நியாயத்தைச் சொல்லு. அம்மா போயிட்டாங்க. அவங்க மேல இருந்த கேசும் அவங்களோட போச்சு. அப்புறம் கூட இருந்தவங்களை மட்டும் நாலு வருசம் உள்ள வச்சது எந்த ஊரு நியாயம்? மரமே சாஞ்ச பொறவு கிளையை வெட்டுவானா?"

கல்லூரியில் படிக்கும் என் மருமகன் சும்மா இருக்கவில்லை. "அப்பா, மரம் சாய்ஞ்சாலும் கிளையில இருந்த காய் யாரு வீட்டுக்குப் போச்சுன்னு கேக்க வேண்டாமா?" என்றான். தகப்பனுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் முற்றி, அக்காள் காபி கொண்டுவந்து சமாதானம் செய்துவைத்தாள். அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் சங்க அன்பர்களில் பலருக்கும் இதே கேள்வி மனதில் இருக்கும் என்பதால் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. டிப்ளமா படித்த எஞ்சினீயர். அளந்து பார்த்துப் பேசுவது மட்டுமே எனக்குத் தெரிந்த தொழில்.

முதலில் நடந்தது என்ன என்று வரிசையாகப் பார்ப்போம். 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரையிலான காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாக ஜெயலலிதா மீதும், அவருக்கு உடந்தை என்று சசிகலா, சுதாகரன், இளவரசி ஆகியோர் மீதும் 1997ல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 2003ல் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர்த் தனி நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நால்வருக்கும் நான்கு வருடச் சிறை விதித்தார். அபராதம் ஜெயலலிதாவுக்கு 100 கோடி, மற்ற மூவருக்கும் தலா 10 கோடி. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுதலை செய்தது. கர்நாடக அரசு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2016 ஜூனில் வாதங்கள் முடிந்து, தீர்ப்புத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அந்த டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமானார். 2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் இருவரும் தீர்ப்பு வழங்கினார்கள். ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்தமட்டில் மேல்முறையீடு அற்றுப்போயிற்று. மற்ற மூவரைப் பொறுத்தமட்டில் கீழ்க்கோர்ட்டுத் தண்டனை அப்படியே நிற்கும் என்றார்கள்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. வாங்கிய கடன்களை ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் மொத்தம் 24 கோடியே 17 லட்சம் என்று அதில் போட்டிருந்தது. அதே பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் 10 கோடியே 67 லட்சம்தான் வருகிறது. பதின்மூன்றரைக் கோடி அதிகம்! வருமானத்துக்கு மீறிய சொத்து 8.12 சதவீதம்தான், பத்து சதவீதத்துக்குள் இருப்பதால் விடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் அஸ்திவாரம். கூட்டலைத் திருத்தினால் அது 76 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. என் கீழ் வேலை பார்த்த பையன் ஒருவன் அளவுப் புத்தகத்தில் இப்படிக் கூட்டியிருந்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

சரி, மச்சானின் கேள்விக்கு வருவோம். சம்பளம் வாங்கும் அரசு ஊழியருக்கோ மந்திரிக்கோதானே லஞ்ச ஒழிப்புச் சட்டம்? பதவியில் இல்லாத சசிகலாவை அதில் எப்படிப் பிடித்தார்கள்? இந்தக் கேள்வி 1999லேயே, தமிழ்நாட்டிலிருந்து போன நல்லம்மாள் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதில் தீர்ப்பு எழுதியவர் நம் கேரளத்துக்காரரான நீதிபதி கே.டி. தாமஸ். பதவியில் இருப்பவர் முறைகேடாகச் சேர்த்ததைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள ஒருவன் சம்மதித்தால், அவனும் அந்தக் குற்றத்துக்கு உடந்தை என்று அவர் உதாரணங்களோடு விளக்கினார். பதவி இருக்கிறதா என்பதல்ல கேள்வி. பெட்டியைப் பிடித்துக்கொண்டவன் யார் என்பதே கேள்வி.

2017 தீர்ப்பும் அந்த வழியில்தான் போயிற்று. ஒரே நாளில் பத்து நிறுவனங்கள் தொடங்கப்பட்டதையும், அந்த நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நீதிபதிகள் அலசினார்கள். மூவரும் போயஸ் தோட்டத்தில் இருந்தது வெறும் பாசத்தால் அல்ல, சொத்தை வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடாகத்தான் என்று முடிவு கட்டினார்கள். அப்படியானால் மச்சான் சொன்ன மரம், கிளை உவமை பொருந்தாது. உடந்தையாக இருந்தவன் செய்தது அவனுடைய சொந்தச் செயல். கையெழுத்து அவனுடையது, கணக்கு அவனுடையது. இன்னொருவர் மூச்சு நின்றுவிட்டது என்பதற்காக இவனுடைய கையெழுத்து அழிந்துபோகாது.

இதோடு நிறுத்திவிட்டால் என் மருமகன் ஜெயித்துவிட்டான் என்று ஆகிவிடும். ஆனால் விஷயம் அத்தனை சுலபமில்லை என்பதை நான் என் உத்தியோகத்திலேயே கண்டவன்.

தொண்ணூறுகளில் ஒரு செக்‌ஷனுக்கு மாற்றலாகிப் போய்ப் பொறுப்பேற்றேன். எந்த ஊர் என்பது வேண்டாம். பொறுப்பேற்கும்போது இருப்பை அளந்து வாங்குவது வழக்கம். தண்டவாளத்தின் ஓரத்தில் காண்ட்ராக்டர் கொட்டிய ஜல்லி குவியல் குவியலாக இருந்தது. அளவுப் புத்தகத்தில் அறுநூறு கன மீட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் நான் டேப் பிடித்து அளந்தால் நானூற்றுச் சொச்சம்தான் வந்தது. ஒரு குவியலைப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே மண்மேடு, மேலே போர்வை போல ஜல்லி. பில் எப்போதோ பட்டுவாடா ஆகியிருந்தது.

அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் எனக்கு முன்னால் இருந்த இளைஞர். சரிபார்த்தேன் என்று மேலே கையெழுத்திட்டவர் அவருடைய அதிகாரி. நான் அறிக்கை அனுப்பிய மூன்றாம் மாதம், விசாரணை தொடங்குமுன்பே, அந்த அதிகாரி மாரடைப்பில் காலமாகிவிட்டார். அவர் பெயரிலிருந்த கோப்பை மூடிவிட்டார்கள். மிஞ்சியது இளைஞரும் காண்ட்ராக்டரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் என் குவார்ட்டர்சுக்கு வந்தார். "சார், நான் குவியலைப் பார்க்கவேயில்லை. எழுதுடா என்றார், எழுதினேன். பணம் வாங்கியவர் போய்விட்டார். இப்போது நான் அவர் சொன்னார் என்றால், செத்தவர் மேல் பழி போடுகிறான் என்கிறார்கள். என்ன செய்வேன்?" என்று அழுதார். அதே வாரம் காலமான அதிகாரியின் மனைவியும் வந்தார். "தம்பி, அவர் இருந்திருந்தால் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பார். இப்போது ஆளாளுக்கு அவர் தலையில் கட்டுகிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் இதுவா பேச்சு?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "நான் அளந்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன், யார் வாங்கினார் என்று எழுதவில்லை." அது உண்மை. ஆனாலும் அந்தப் பதிலுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேனோ என்று இன்றுவரை ஒரு உறுத்தல் உண்டு. அந்த அதிகாரி பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விசாரணையில் அதை ஒருவரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. கடைசியில் இளைஞருக்குப் பல வருட இன்கிரிமென்ட் போயிற்று. காண்ட்ராக்டர் குறைந்த ஜல்லியைக் கொட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த டெண்டருக்குப் போய்விட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். பெரியவர் இறந்தபின் வழக்கு நடக்கும்போது இரண்டு ஆபத்துகள் உண்டு. இருப்பவர்கள் எல்லாவற்றையும் செத்தவர் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பிக்கலாம். அல்லது செத்தவர் சுமக்க வேண்டியதையும் சேர்த்து, இருப்பவர்களில் ஆகச் சிறியவன் தலையில் இறக்கிவிடலாம். இந்த இரண்டையும் தவிர்க்கத் தெரிந்த விசாரணைதான் விசாரணை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? இறந்தவரைத் தண்டிக்க முடியாது. ஆகவே அவர் மீதான வழக்கு அற்றுப்போகும். தண்டனை பெற்ற ஒருவர் மேல்முறையீடு செய்துவிட்டு, அது முடியுமுன் இறந்தால், நெருங்கிய உறவினர் 30 நாளைக்குள் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு அதைத் தொடர்ந்து நடத்தலாம். அவருடைய பெயரைக் காப்பாற்ற ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் விடுதலையான ஒருவர் மீது அரசு செய்த மேல்முறையீட்டில் அப்படி வாசல் இல்லை. 2017ல் நடந்தது அதுதான். ஜெயலலிதாவை உச்ச நீதிமன்றம் தண்டிக்கவில்லை. ஆனால் மூவரைத் தண்டிப்பதற்கான காரணங்களைச் சொல்லும்போது அவரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் குற்றம் இல்லாமல் உடந்தை ஏது? ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட தீர்ப்பில் அவர் இருக்கிறார்; பதில் சொல்ல அவர் இல்லை. என் மச்சானின் வருத்தத்தில் உண்மை இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது.

அதே சமயம் 100 கோடி அபராதத்தை அவர் சொத்திலிருந்து வசூலிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு மறுஆய்வு கேட்டபோது, உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் அதைத் தள்ளிவிட்டது. உடந்தையானவர்களின் அபராதம் நின்றது. சசிகலா பத்துக் கோடியைக் கட்டி 2021 ஜனவரியில் வெளியே வந்தார். கட்டாத சுதாகரன் மேலும் ஒரு வருடம் உள்ளே இருந்தார். பறிமுதல் உத்தரவும் நின்றது. சொத்துகளைத் திருப்பித் தரும்படி வாரிசுகள் கேட்டதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் நிராகரித்தது. வழக்கு அற்றுப்போவது வேறு, குற்றமற்றவர் என்று விடுதலையாவது வேறு என்றது. அடுத்த மாதமே 27 கிலோ தங்க நகைகளும், ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் ஆவணங்களும் தமிழ்நாட்டு அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. உடந்தையானவர்கள் மீது வழக்கு நடக்காமல் போயிருந்தால் இந்தச் சொத்து என்ன ஆகியிருக்கும் என்று மச்சான் யோசிக்க வேண்டும். அது ஒரு கட்சியின் சொத்தோ, குடும்பத்தின் சொத்தோ அல்ல என்பதுதான் தீர்ப்பு.

இது தமிழ்நாட்டு வியாதி என்று நம் மலையாள நண்பர்கள் சிரிக்க வேண்டாம். பாமாயில் வழக்கு இங்கே நடந்ததுதானே? 1991-92ல் மலேசியாவிலிருந்து 15,000 டன் பாமாயில் இறக்குமதி செய்ததில், சந்தை விலைக்கு மேல் கொடுத்து அரசுக்கு இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் உண்டாக்கியதாகக் குற்றச்சாட்டு. ஒன்றாம் பிரதி அப்போதைய முதலமைச்சர் கே. கருணாகரன். வழக்கு 1997ல் பதிவாயிற்று. ஒரு அரசு நடத்த நினைக்கும், அடுத்த அரசு வாபஸ் வாங்க நினைக்கும். 2007ல் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. 2010 டிசம்பர் 23 அன்று கருணாகரன் காலமானபோது, பதின்மூன்று வருடம் ஆகியும் சாட்சி விசாரணை தொடங்கவேயில்லை.

அவரோடு வழக்கு முடிந்ததா? இல்லை. அந்த இறக்குமதியின்போது உணவுத்துறைச் செயலாளராக இருந்த பி.ஜே. தாமஸ் 2010ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரானார். வழக்கு நிலுவையில் இருப்பதைத் தேர்வுக் குழு கணக்கில் எடுக்கவில்லை என்று 2011 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்துச் செய்தது. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று நீதிமன்றம் அன்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய விசாரணைதான் நடக்கவே இல்லையே! உணவு மந்திரியாக இருந்த டி.எச். முஸ்தபாவும் 2024 ஜனவரியில் காலமானார். கருணாகரன் நிரபராதி என்றால் அதை அவர் உயிரோடு இருக்கும்போதே ஊரறியச் சொல்லியிருக்க வேண்டும். குற்றவாளி என்றாலும் அப்படித்தான். இரண்டும் நடக்கவில்லை.

வழக்கு தொடர்வதால் இறந்தவருக்கு நன்மையும் வரலாம் என்பதற்குப் போபர்ஸ் ஓர் உதாரணம். 1999 அக்டோபரில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் ராஜீவ் காந்தியின் பெயர், இறந்துவிட்டதால் விசாரணைக்கு அனுப்பப்படாதவர் என்று இருந்தது. பாதுகாப்புத்துறைச் செயலாளராக இருந்த பட்நாகரும் 2001ல் இறந்தார். இருப்பவர்கள் வழக்கை நடத்தியதால்தான் 2004 பிப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஜே.டி. கபூர், ராஜீவ் காந்தியோ பட்நாகரோ லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரமில்லை என்று சொல்லும் நிலை வந்தது. சுடுகாட்டோடு கோப்பை மூடியிருந்தால் பழி மட்டும் நிரந்தரமாக நின்றிருக்கும்.

ஆகவே நான் சொல்ல வருவது மூன்று விஷயம். ஒன்று, பெரியவர் இறந்தாலும் உடந்தையானவர் மீதான வழக்கு நடந்தே ஆக வேண்டும். பணத்தின் வழியைக் கண்டுபிடிக்க வேறு பாதை இல்லை. இரண்டு, உடந்தையிலும் தரம் பிரிக்க வேண்டும். லாபத்தில் பங்கு வாங்கியவனும், வேலை போய்விடுமோ என்று பயந்து கையெழுத்துப் போட்டவனும் ஒன்றல்ல. செத்தவர் பெயரைச் சொல்கிறான் என்பதற்காக அவன் சொல்வதைத் தள்ளவும் கூடாது. அவன் சொல்கிறான் என்பதற்காக மட்டும் செத்தவரைக் குற்றவாளி ஆக்கவும் கூடாது. தாளையும் கணக்கையும் பார்க்க வேண்டும். இறந்தவரின் வாரிசுகள் விரும்பினால், அரசு செய்த மேல்முறையீட்டிலும் அவர் பக்கத்தைச் சொல்ல ஒரு வாசல் திறந்துவிட வேண்டும். மூன்று, எல்லாவற்றுக்கும் மூலம் தாமதம். 2018ல் திருத்தப்பட்ட லஞ்ச ஒழிப்புச் சட்டம், விசாரணையை இரண்டு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் சாதாரணமாக மொத்தம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏட்டில் இருப்பது நடப்பில் வந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இராது. சொத்து வழக்கில் குற்றப்பத்திரிகைக்கும் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்புக்கும் இடையில் மட்டும் பதினேழு வருடம். மனிதன் ஆயுளோடு போட்டி போட்டால் எந்தக் கோர்ட்டும் தோற்கும்.

ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. பாதையில் கோளாறு கண்டால், அதைப் போட்டவன் இருக்கிறானா, ரிட்டயர் ஆனானா, செத்தானா என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். முதலில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, கோளாறைச் சரிசெய்வோம். அதன் பிறகு யார் எவ்வளவு பொறுப்பு என்று அளப்போம். இரண்டில் எதை விட்டாலும் அடுத்த வண்டிக்கு ஆபத்து.

ஊருக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "படத்தை எடுக்கச் சொல்றியா மாப்ளே?" என்றார். "வேண்டாம் மச்சான். உங்கள் அன்பு உங்களோடு. கணக்கு மட்டும் கணக்காக இருக்கட்டும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன், ஜல்லி எழுதினானே, அவன் இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் விசாரிக்கவே இல்லை.